கோடு கீறிய காலமும் சுவர் வைக்கும் காலமும்



சென்ற மாதம் எமது வானொலியின் வரலாற்று உரையில் நான் பேசியதை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். அதிலும் ஒரு தாயார் தொலைபேசியில் வந்து, "என்ரை மகன் பிம், பிம் எண்டு சொல்லுறான், அது என்ன வேலை எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை" என்றார். அவருக்காகவே இதை முதலில் எழுதுகிறேன். அரசர்களையும் போர்களையும் பற்றிக் கேட்டுப் பழகிய ஒரு நிகழ்ச்சியில் கட்டட வரைபடத்தின் வரலாறு பொருந்துமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. நிகழ்ச்சித் தயாரிப்பாளர்தான் "பேசுங்கோ அண்ணை, பார்ப்பம்" என்று இருத்தினார்.

நான் தொழிலால் படவரைஞர். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியில் ரீ-ஸ்கொயர் பிடித்துப் பழகியவன். 1988இல் ஹீத்ரோவின் மூன்றாம் முனையத்தில் வந்து இறங்கினேன். எப்படி வந்தேன் என்பது இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல. அதற்கு முந்தைய ஆண்டு பெப்ரவரியில் அதே விமான நிலையத்தில் எம்மவர்கள் சிலர் தம்மைத் திருப்பி அனுப்ப வேண்டாமென்று ஓடுபாதை அருகே உடைகளைக் களைந்து நின்றதும், உரிய ஆவணமில்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண் செலுத்த வேண்டுமென்று அவ்வாண்டே சட்டம் வந்ததும் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நான் வந்தபோது அந்த முனையத்தில் திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. பல மணிநேரம் வாங்கில் இருத்தி வைத்தார்கள். பலகை அடித்து மறைத்த பகுதிகளையும், கழற்றிய கூரைத்தட்டுக்கு மேலே தொங்கிய குழாய்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பயணிகள் போய்வர, விமானங்கள் ஏறி இறங்க, நடுவில் ஒரு கட்டடத்தைத் துண்டு துண்டாக எப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்று யோசித்தேன். பயத்துக்குள்ளும் தொழில் புத்தி போகவில்லை.

அதற்கான விடையை இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் கேட்டேன். மூன்றாம் முனையத்தின் அந்த வேலையை எந்தப் பகுதி முதலில், எது பிறகு என்று கால ஒழுங்கில் திட்டமிட உதவியது ருகாப்ஸ் என்ற கணினி மென்பொருள். இன்று பிம் எனப்படும் முறையின் மூதாதையர்களில் ஒன்று அது. அந்த வேலையை உதாரணமாக வைத்து றொபேட் ஏய்ஷ் என்பவர் 1986இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கட்டட மாதிரி என்ற சொல்லை இன்றைய பொருளில் கையாண்ட ஆரம்ப எழுத்துகளில் ஒன்று. நான் அகதி மனுவோடு இருந்த இடத்தில் எனது பிற்காலத் தொழில் எனது தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது!

இனி அந்தத் தாயாருக்கு வருகிறேன். பிம் என்பது "கட்டடத் தகவல் மாதிரியாக்கம்" என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். (நான் முதன்முதலில் வீட்டில் "பிம் படிக்கப் போறன்" என்றபோது, "இத்தனை வருசமாய் பீம் கீறினவருக்கு இனி என்ன படிப்பு" என்று மனைவி கேட்டார்.) ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் அந்தக் கதவைத் தளப்படத்தில் ஒருமுறை கீறுவோம். முகப்புப் படத்தில் இன்னொருமுறை, வெட்டுமுகத்தில் இன்னொருமுறை. பிறகு கதவுகளின் அட்டவணையில் அகலம், உயரம், எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்று கையால் எழுதுவோம். கட்டடக்கலைஞர் கதவை ஒரு முழம் தள்ளி வைத்தால் நான்கு இடத்திலும் திருத்த வேண்டும். மூன்றில் திருத்தி ஒன்றில் மறந்தால், அந்த ஒன்றைப் பார்த்துத்தான் மேசன் கட்டுவார். பிம் முறையில் கதவு ஒரே ஒரு தடவைதான் கணினிக்குள் இருக்கிறது, தன் அளவுகளோடும் தீத்தாங்கும் நேரத்தோடும். படங்கள் எல்லாம் அந்த ஒன்றைப் பல பக்கத்திலிருந்து பார்ப்பவை. ஒன்றை நகர்த்தினால் எல்லாவற்றிலும் நகரும்.

இது புது யோசனை என்று எமது பிள்ளைகள் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து சார்ள்ஸ் ஈஸ்ற்மன் என்ற அறிஞர் 1975இலேயே இதை எழுதிவிட்டார். வரைபடங்களுக்குப் பதிலாகக் கணினி என்பதே அக்கட்டுரையின் பொருள். பிரித்தானியாவில் அதே பத்தாண்டில் லிவர்பூலில் படித்த ஜோன் டேவிசன், ஜோன் வாட்ஸ் என்ற இருவர் ருகாப்ஸை உருவாக்கினார்கள். கொலின்ஸ் மெல்வின் வார்ட் என்ற கட்டடக்கலை நிறுவனம் அதை எடுத்து ரியாத் பல்கலைக்கழகத்தின் பிரமாண்டமான வேலைக்குப் பயன்படுத்தியது. ஹங்கேரியில் 1982இல் காபோர் போயார் என்பவர் மனைவியின் நகைகளை அடகு வைத்து ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அதிலிருந்துதான் ஆர்க்கிகாட் பிறந்தது. பயணக் காசுக்குத் தாலிக்கொடி அடகு வைத்த எம்மவருக்கு இந்த மனிதரை விளங்கிக்கொள்வது கடினமல்ல.

அப்படியானால் ஏன் நாற்பது ஆண்டு எடுத்தது? ஆரம்பத்தில் கணினியின் விலை ஒரு காரணம். ருகாப்ஸ் ஓடிய இயந்திரங்கள் பெரிய நிறுவனங்களுக்கே கட்டுபடியாகும். 1982இல் வந்த ஓட்டோகாட் சாதாரண மேசைக் கணினியில் ஓடியது. அதனால் அதுவே உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அது அடிப்படையில் மின்சார ரேசிங் பேப்பர்தான். சவர அலகால் மையைச் சுரண்டி அழித்த இடத்தில் ஒரு விசையைத் தட்டினோம், அவ்வளவுதான். கோடு கோடாகவே இருந்தது. அது சுவரா குழாயா என்பது கணினிக்குத் தெரியாது. நான் பெற்றோல் நிலையத்திலிருந்து மீண்டும் எனது தொழிலுக்குத் திரும்பியது 1993இல், ஓட்டோகாட் தெரியும் என்று பொய் சொல்லி. இரண்டு வாரத்தில் இரவிரவாகப் பழகினேன். மேற்கு இலண்டனில், கட்டடங்களின் காற்று, தண்ணீர், வெப்பக் குழாய்களை வடிவமைக்கும் நாற்பது பேர் கொண்ட நிறுவனம் அது.

விலையைவிடப் பெரிய காரணம் ஒன்றை அங்கேதான் கண்டேன். கட்டடக்கலைஞர் தன் படத்தைக் கீறுவார், உருக்குச் சட்டத்தின் பொறியியலாளர் தன் படத்தை, நாங்கள் எங்கள் படத்தை. மூன்றும் வேலைத்தலத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கும். அங்கே எங்கள் காற்றுக்குழாய் போக வேண்டிய இடத்தில் உருக்கு வளை நிற்கும். பிறகு கடிதங்கள் பறக்கும். யாருடைய பிழை என்ற கேள்விதான் முதலில் வரும், எப்படித் திருத்துவது என்பது அதற்குப் பிறகு. மாற்று வேலை என்று ஒப்பந்தகாரர் மேலதிகப் பணம் கேட்பார். உண்மையைச் சொன்னால், குறைந்த விலைக்கு வேலையை எடுத்து, இந்த மாற்று வேலைகளில் இலாபம் பார்ப்பதே பலரின் வழக்கம். தெளிவான ஒரே மாதிரி எல்லோருக்கும் பொதுவாக இருப்பதை விரும்பாதவர்கள் அந்த மேசையைச் சுற்றியே இருந்தார்கள்.

1994இல் சேர் மைக்கல் லேதமும் 1998இல் சேர் ஜோன் ஈகனும் அரசுக்குக் கொடுத்த அறிக்கைகள் இந்தச் சண்டைக் குணத்தைத்தான் கண்டித்தன. அதே 1994 ஒக்டோபரில் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலுக்காகத் தோண்டிய சுரங்கம் இடிந்து விமான நிலையத்தின் நடுவிலேயே நிலம் உள்வாங்கியது. அதிர்ஷ்டவசமாக யாருக்கும் உயிரிழப்பு இல்லை. அதற்குப் பிறகு விமான நிலைய நிர்வாகம், பிழை யாருடையது என்று தேடுவதை விட்டு எல்லோரும் சேர்ந்து மீட்கும் வழியை எடுத்தது. ஐந்தாம் முனையத்தை 4.3 பில்லியன் பவுண் செலவில் கட்டியபோது நட்டத்தின் அபாயத்தைத் தானே ஏற்றுக்கொண்டு, வடிவமைப்பாளர்கள் ஒரே கணினி மாதிரிக்குள் வேலை செய்ய வேண்டும் என்றது. பயம் நீங்கினால்தான் மனிதர் தன் படத்தை மற்றவருக்குத் திறந்து காட்டுவார் என்பதை அந்த நிர்வாகம் சரியாகப் பிடித்துக்கொண்டது என்பது எனது கருத்து. 2008 மார்ச் 27இல் முனையம் திறந்தது. அன்றும் அடுத்த நாட்களிலும் நடந்த கூத்தும் உங்களுக்குத் தெரியும். ஊழியர்களுக்கு வாகனம் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, பழக்கம் போதவில்லை, பயணப்பொதிகள் மலையாகக் குவிந்தன, நூற்றுக்கணக்கான விமானங்கள் இரத்தாகின. குழாயும் வளையும் முட்டாத கட்டடத்தில் மனிதர்கள் முட்டிக்கொண்டார்கள்.

எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களை இதெல்லாம் தொடவில்லை. தொட்டது 2011 மே மாதம் வெளிவந்த அரசின் கட்டுமான மூலோபாயம். மத்திய அரசின் கட்டட வேலைகள் எல்லாவற்றுக்கும் 2016ஆம் ஆண்டுக்குள் பிம் வேண்டும் என்று அது அறிவித்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று அரசு வேலையில் சீவித்த எங்கள் முதலாளிக்கு வேறு வழி இருக்கவில்லை. 2012இல் ரெவிற் மென்பொருளின் உரிமங்களை வாங்கினார். (1997இல் சிறு நிறுவனமாகத் தொடங்கிய ரெவிற்றை, ஓட்டோகாட்டின் சொந்தக்காரரான ஓட்டோடெஸ்க் 2002இல் 133 மில்லியன் டொலருக்கு வாங்கியிருந்தது.) ஐந்து நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் பிம் என்றார்.

எனக்கு வயது ஐம்பத்தைந்து. எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தது இங்கேயே பிறந்த எமது பிள்ளை ஒருத்தி, புதிதாகப் பட்டம் பெற்றுச் சேர்ந்த பொறியியலாளர். நான் திரையில் நான்கு கோட்டை இழுத்து அறை ஒன்றைக் கீறிவிட்டுப் பெருமையோடு பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அங்கிள், கோடு கீறாதேங்கோ. சுவர் வையுங்கோ."

முப்பது வருடப் பழக்கத்தை விடுவதென்றால் இலகுவா? கோட்டுக்குத் தடிப்புத்தான் உண்டு. சுவருக்கு உயரம், உள்ளே என்ன, வெளியே என்ன, எந்தத் தளத்தில் நிற்கிறது என்று கணினி கேட்டுக்கொண்டே இருந்தது. முன்பு தெரியாததைக் கீறாமல் விடலாம், ஒப்பந்தகாரர் பார்த்துக்கொள்வார். இப்போது தெரியாது என்பதே திரையில் வெளிச்சமாகத் தெரிந்தது.

முதல் வேலை ஓர் உயர்நிலைப் பள்ளி. நட்டத்தில் முடிந்தது. பிள்ளைகள் ஆர்வத்தில் வெப்பமூட்டியின் திருகாணி வரை மாதிரியில் வைத்துவிட, கோப்பு திறப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடிக்கலாம். கட்டடக்கலைஞரின் மாதிரிக்கும் எங்கள் மாதிரிக்கும் பூச்சியப் புள்ளி வேறு வேறு. இரண்டையும் சேர்த்துத் திறந்தபோது பள்ளி ஓரிடத்தில் நிற்க, எங்கள் குழாய்கள் எல்லாம் பக்கத்து விளையாட்டு மைதானத்துக்கு மேலே ஆகாயத்தில் தொங்கின. அதைச் சரிசெய்தபின் முட்டும் இடங்களைக் கணினியால் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்தது. பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. குழாயும் அதைச் சுற்றிய வெப்பக்காப்பும் தொடுவதைக்கூட அது முட்டல் என்று எண்ணியது. ஆனால் அந்தக் குப்பைக்குள் ஒன்று இருந்தது. தாழ்வாரத்தின் பிரதான காற்றுக்குழாய் ஆழமான உருக்கு வளை ஒன்றை நேராக ஊடறுத்துச் சென்றது. மூன்று தரப்பும் திரையின் முன்னால் இருந்து ஒரு பின்னேரத்தில் குழாயைக் கீழிறக்கிச் சரிசெய்தோம். ஒரு கடிதமும் பறக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில், கூடியிருந்த அந்த மேசையில் ஒரு படவரைஞனான என்னிடமும் "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்டார்களே என்பதையே நினைத்துக்கொண்டு போனேன். அதுவரை எனது மேசைக்கு வந்தது சிவப்பு மையால் திருத்திய தாள் மட்டும்தான்.

இனி மற்றப் பக்கம். எங்கள் நிறுவனத்தில் அயர்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். அறுபது தாண்டியவர், முப்பது வருடமாக அங்கேயே படம் கீறியவர். எந்தக் கட்டடத்தின் எந்த நிலக்கீழ் அறையில் எந்தக் குழாய் போகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் சேர்ந்த காலத்தில், எனது பொய்யைக் கண்டுபிடித்தும் முதலாளிக்குச் சொல்லாமல், மதிய உணவு நேரத்தில் ஓட்டோகாட் சொல்லித் தந்தவர். அவரால் ரெவிற்றுக்கு மாற முடியவில்லை. ஒரு வருடம் முயன்றார். 2014இல் ஒரு வாழ்த்து அட்டையும் கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, வீட்டுக் கடன் இருந்தது.

அவர் போய் நான்கு மாதத்தில், அதே பள்ளியின் வேலைத்தலத்திலிருந்து குழாய் பொருத்துபவர் கோபமாகத் தொலைபேசி எடுத்தார். கூரைத்தட்டுக்கு மேலே ஒரு வால்வு. மாதிரியில் எதனோடும் அது முட்டவில்லை, எல்லாம் பச்சை. ஆனால் அதைத் திருகக் கையும் சாவியும் போக இடமில்லை. கணினிக்கு வால்வின் அளவு தெரியும், அதைத் திருகும் மனிதனின் முழங்கையின் அளவு தெரியாது. அயர்லாந்துக்காரர் கையால் கீறிய காலத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் முன்னால் புள்ளிக்கோட்டில் ஒரு பெட்டி போடுவார். அது எதற்கென்று நாங்கள் கேட்டதேயில்லை. சனிக்கிழமை, படத்தை அச்செடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். பென்சிலை எடுத்துப் பதினேழு இடத்தில் பெட்டி போட்டுத் தந்தார். அந்தப் பெட்டிகளை மாதிரிக்குள் ஏற்றி, இனி வரும் வேலைகளுக்கும் விதியாக வைத்தவள் எனக்குச் சுவர் வைக்கச் சொல்லித்தந்த அதே பிள்ளை. அவருக்கு ஒரு சதமும் போகவில்லை.

பள்ளி முடிந்ததும் மாதிரியை இறுவட்டில் பதிந்து ஒப்படைத்தோம். அடுத்த வருடம் ஒரு பழுது பார்க்கப் போனேன். பராமரிப்பாளரிடம் அதைத் திறக்க மென்பொருளும் இல்லை, பயிற்சியும் இல்லை. கொதிகலன் அறைக் கதவின் உட்பக்கத்தில் கடதாசிப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்.

இதை நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எம்மவர் நிறையப் பேர் வாழும் நியூஹாமில், கானிங் ரவுணில், றோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடம் இருந்தது. 1968 மே 16 அதிகாலை, 18ஆம் மாடியில் எரிவாயு வெடிக்க, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுப் போலச் சரிந்தது. நால்வர் இறந்தனர். குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. திருத்திக் கட்டி மீண்டும் மக்களைக் குடிவைத்தார்கள். 1986இல் மாடி மாடியாகக் கழற்றியபோதுதான், கொங்கிறீற்றுப் பலகைகளின் இணைப்புகளில் சாந்து நிரப்பியிருக்க வேண்டிய இடங்களில் பழைய பத்திரிகைத்தாள்கள் திணிக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். படத்தில் சாந்துதான் இருந்தது. அன்று பிம் இருந்திருந்தாலும் மாதிரியிலும் சாந்துதான் இருந்திருக்கும். கட்டியதைப் போய்ப் பார்த்துப் பதிபவர் ஒருவர் வேண்டும்.

2017 ஜூன் 14இல் கிரென்பெல் கோபுரத்தில் மூண்ட தீயால் 72 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் எம்மைப் போல வேறு நாடுகளிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள். தீயணைப்புப் படையிடம் கோபுரத்தின் தளப்படங்கள் இருக்கவில்லை என்பது 2019இல் வந்த விசாரணையின் முதல் அறிக்கையில் வெளிவந்தது. மாடிகள் ஒரே அமைப்பில் இருந்தபடியால் அன்றிரவு அது பெரிய தடையாக இருக்கவில்லை என்றும், ஆனாலும் உயர்ந்த கட்டடங்களின் புதுப்பித்த படங்கள் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்றும் அறிக்கை சொன்னது. அதற்கு முன்பே 2018 மே மாதம் ஜூடித் ஹக்கிற் அம்மையார் தனது அறிக்கையில் "பொன் நூல்" என்ற சொல்லைக் கொண்டுவந்திருந்தார். ஒரு கட்டடம் வடிவமைக்கப்பட்ட நாளிலிருந்து அது நிற்கும் காலம் முழுவதும், அதற்குள் என்ன இருக்கிறது, யார் எதை மாற்றினார் என்ற தகவல் அறுபடாமல் கணினியில் தொடர வேண்டும் என்பது அதன் பொருள். 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அதை இங்கிலாந்தில் குறைந்தது 18 மீற்றர் உயரமோ குறைந்தது ஏழு மாடியோ கொண்ட குடியிருப்புகளுக்குக் கடமையாக்கியது. எங்கள் முதலாளி அரசு வேலை கிடைப்பதற்காகப் படித்த அதே முறைதான் இதற்கும் அடித்தளம். அப்படிப்பட்ட மாடிகளில் வசிக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன்: கட்டடத்தின் பாதுகாப்புத் தகவலைக் கேட்பதற்கு அந்தச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். ஆங்கிலம் கரைச்சல் என்றால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள்.

எனது தங்கச்சி கிழக்கு இலண்டனில் பதின்மூன்றாம் மாடியில் இருக்கிறார். 2021இல் அவருடைய வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். வெளிச்சுவருக்குள் என்ன பொருள் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். படம் இல்லையா என்று நான் கேட்கச் சொன்னேன். கட்டிய நிறுவனம் மூடிவிட்டது, படங்கள் எங்கேயென்று தெரியாது என்றார்களாம். படுக்கையறைச் சுவரில், சாமிப்படத்துக்குக் கீழே, தேநீர்க் கோப்பையின் வாய் அளவுக்கு ஒரு துளை போட்டு, கமராவை விட்டுப் பார்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சாந்தால் அடைத்துவிட்டுப் போனார்கள். என்ன கண்டார்கள் என்று கேட்டுத் தங்கச்சி மூன்று கடிதம் போட்டார். மூன்றாவதற்குப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் வீட்டுப் பத்திரங்களோடு, எங்கள் அப்பாவின் உறுதி இருக்கும் அதே பைக்குள் வைத்திருக்கிறார்.